சர்க்கரை மாத்திரையால் எலும்பு தேயுமா? புரோபயாடிக் காப்பாற்றுமா?

கேட்டது மேலூரிலிருந்து ஒரு மகள். அம்மாவுக்கு 59 வயது, சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல். கொல்லையில் ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. புத்தூர் கட்டு போட்டு வீட்டில் இருக்கிறார். தினமும் சாப்பிடுவது கிளிமிபிரைடு, மெட்பார்மின், பியோகிளிட்டசோன் 15 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, கூடவே காலையில் ஒரு கேஸ் மாத்திரை. மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர், "சர்க்கரை மாத்திரை எலும்பைக் கரைக்கும், புரோபயாடிக் கேப்ஸ்யூல் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அதை வாங்கலாமா, இந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா, அப்பா சாப்பிடும் டபாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் எலும்பைப் பாதிக்குமா என்பவை கேள்விகள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உறவினர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு உண்மை. எல்லாச் சர்க்கரை மாத்திரையும் எலும்பைப் பாதிப்பதில்லை. ஆனால் அம்மா சாப்பிடும் கலவையில் உள்ள பியோகிளிட்டசோன் பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். இரண்டாம் பாதி, அதாவது நன்மை தரும் நுண்ணுயிர்களை உயிரோடு அடைத்த புரோபயாடிக் கேப்ஸ்யூல் காப்பாற்றும் என்பதற்கு இன்றைக்குப் போதுமான ஆதாரம் இல்லை. அந்தக் காசை எடுத்து வைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையுடன் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதன் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் டாக்டரிடம் சரியாகக் கேட்க முடியும்.

பியோகிளிட்டசோன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் எலும்பு ஒருமுறை கட்டி முடித்த பொருள் அல்ல. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும், புது எலும்பை இடும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எலும்பை இடும் செல், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு மூலச் செல்லிலிருந்து வருகிறது. அதே மூலச் செல் நினைத்தால் கொழுப்புச் செல்லாகவும் மாற முடியும். எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பதில் பி.பி.ஏ.ஆர். காமா என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. பியோகிளிட்டசோன் வேலை செய்வதே இந்தப் புரதத்தைத் தூண்டித்தான். உடம்பின் கொழுப்புத் திசுவில் அது இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கிறது, சர்க்கரை குறைகிறது. மஜ்ஜையிலோ அதே தூண்டுதல் மூலச் செல்லைக் கொழுப்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. வீடு கட்ட வந்த கொத்தனாரைப் பாதியில் வேறு வேலைக்கு அனுப்பியது போல, எலும்பு இடும் கை குறைந்துபோகிறது. அரிக்கும் வேலை மட்டும் நிற்காமல் நடக்கிறது.

இது சோதனைக்கூட ஊகம் அல்ல. இதே குடும்பத்து மருந்தான ரோசிகிளிட்டசோனை மற்ற மாத்திரைகளோடு ஒப்பிட்ட 'அடாப்ட்' என்ற பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. பெண்களில் எலும்பு முறிந்தவர்கள் ரோசிகிளிட்டசோன் பிரிவில் 9.3 சதவீதம், மெட்பார்மின் பிரிவில் 5.1 சதவீதம், கிளைபுரைடு பிரிவில் 3.5 சதவீதம். மேல்கை, கை, பாதம் ஆகிய இடங்களில் முறிவு அதிகம். 2007-இல் பியோகிளிட்டசோன் தயாரித்த நிறுவனமே தன் ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து, பெண்களில் நூறு பேரை ஓராண்டு கவனித்தால் மருந்து எடுத்தவர்களில் 1.9 முறிவு, எடுக்காதவர்களில் 1.1 முறிவு என்று டாக்டர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ரோசிகிளிட்டசோனை இதயப் பிரச்சினை காரணமாக இந்தியா 2010-இல் தடை செய்துவிட்டது. பியோகிளிட்டசோன் 2013 ஜூனில் நிறுத்தப்பட்டு, ஜூலை முடிவில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதிக்கப்பட்டது. அப்போது பேசப்பட்டது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றித்தான். எலும்பு விஷயம் மக்கள் காதுக்கு அவ்வளவாக வரவில்லை.

இந்த மருந்தை மோசமானது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் பியோகிளிட்டசோன் கொடுத்துப் பார்த்த 'ஐரிஸ்' ஆய்வு 2016-இல் வந்தது. மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வருவது 11.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வில் மருத்துவமனையில் சேர்க்கவோ அறுவைசிகிச்சை செய்யவோ வேண்டிய அளவு எலும்பு முறிவு 3.2-லிருந்து 5.1 சதவீதமாகக் கூடியது. அந்த ஆய்வில் கொடுத்தது 45 மி.கி. வரை, அம்மா எடுப்பது 15. ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் இந்த மருந்து உதவும். விலையும் குறைவு. ஆக ஒருவருக்கு எது பெரிய ஆபத்து என்று எடை போட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து இது. நாற்பது வயது ஆணுக்கு ஒரு கணக்கு, மாதவிடாய் நின்று, விழுந்து கை முறிந்த 59 வயது அம்மாவுக்கு வேறு கணக்கு. முறிவுக்கு முன்னால் சரியாக இருந்த மருந்துச் சீட்டு, முறிவுக்குப் பின் மறுபடி பார்க்கப்பட வேண்டும். நான் இந்தப் பதிலில் சொல்ல வருவதே இதுதான்.

நிறுத்தினால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தக் குடும்பத்து மருந்தை நிறுத்திய பெண்களில் ஓரிரு ஆண்டுகளில் முறிவு ஆபத்து குறைந்ததை 'அக்கார்டு' ஆய்வில் கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஒரே மாத்திரையில் மூன்று மருந்து இருப்பதால், அட்டையைத் தூக்கிப் போட்டால் மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்து நின்றுவிடும். சர்க்கரை முந்நூறு, நானூறு என்று ஏறலாம். ஏறிய சர்க்கரை எலும்புக்கும் கேடு, முறிந்த எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும். டாக்டர் பியோகிளிட்டசோனை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் தனியாக எழுதலாம், அல்லது சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம். இந்த கிளிப்டின் வகை எலும்பு விஷயத்தில் நடுநிலையானது, தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கமும் வரவைக்காது.

அதோடு ஒரு விஷயம். பியோகிளிட்டசோன் உடம்பில் நீர் தேங்க வைக்கும். அம்மாவுக்குக் கணுக்கால் வீங்குகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்வதையும் இது சிலருக்கு அதிகப்படுத்தும். மேலூரிலிருந்து மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை ஒன்றும் தூரமில்லை. கண் பரிசோதனை செய்து வருடம் ஆகியிருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். கண்ணுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், கண்புரை மறைத்து, படி தெரியாமல் விழுகிறவர்கள் ஏராளம்.

மருந்து ஒரு பக்கம் இருக்க, சர்க்கரை நோயே எலும்பைக் கெடுக்கிறது. அது கெடுக்கும் விதம்தான் ஏமாற்றக்கூடியது. மூன்று மாதச் சர்க்கரை என்று எச்.பி.ஏ1சி பார்க்கிறோம் அல்லவா? ரத்தச் சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. இதே ஒட்டல் எலும்பின் உள்ளே இருக்கும் கொலாஜன் நாரிலும் நடக்கிறது. நார் விறைத்துப்போகிறது. எலும்பு பார்க்கக் கனமாக இருக்கும், ஆனால் அடி தாங்காது. அதனால்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி சாதாரணமாக, சில நேரம் கூடுதலாகக்கூட வரும். "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று நிம்மதியாகத் திரும்பிவிடுவார்கள். உண்மையில் ஒரே டி ஸ்கோர் (அந்த ஸ்கேன் தரும் அடர்த்தி எண், குறையக் குறைய எலும்பு பலவீனம்) இருக்கும் இருவரில், சர்க்கரை உள்ளவருக்கு எலும்பு முறியும் வாய்ப்பு அதிகம். டி ஸ்கோர் இன்னும் சுமார் 0.5 குறைவாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. பத்தாண்டு முறிவு வாய்ப்பைக் கணிக்கும் 'ஃபிராக்ஸ்' கணக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் பல டாக்டர்கள் அதில் முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்) என்ற கட்டத்தில் டிக் போட்டு ஈடுகட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இந்தியாப்' என்ற ஆய்வு 2023-இல் வந்தது, அதன்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சர்க்கரை என்றால் கண், கிட்னி, கால் என்று மூன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எலும்பைப் பற்றி விழுந்த பிறகுதான் பேசுகிறோம்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்தால் அதை எலும்பு பலவீனத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு முதலில் முறிகிறது. சில வருடம் கழித்து முதுகெலும்பு, அப்புறம் இடுப்பு என்று போகும். இடுப்பு முறிந்தால் பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை. மணிக்கட்டோடு நிறுத்திவிட இப்போது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. புத்தூர் கட்டு போட்டதைப் பற்றி வாதம் செய்யப்போவதில்லை, ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கட்டு இறுகி விரல் வீங்கினாலோ, மரத்தாலோ, நிறம் மாறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சரி, புரோபயாடிக்குக்கு வருவோம். உறவினர் எங்கிருந்து இதைப் பிடித்தார் என்று புரிகிறது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் எலும்புக்கும் தொடர்பு இருப்பது உண்மையிலேயே இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் கண்ட அருமையான அறிவியல். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு எலும்பு அடர்த்தி மாறுபடுகிறது என்று 2012-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடல் சுவரை இறுக்கமாக வைக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் நோயெதிர்ப்புச் செல்களைப் பெருக்குகின்றன. குடல் சுவர் கசியத் தொடங்கினால் டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கூடி, எலும்பை அரிக்கும் செல்களை உசுப்பிவிடும். லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்த எலிகளில் பியூட்டிரேட் கூடி, எலும்பு இடுவதும் கூடியதை 2018-இல் விவரமாக வெளியிட்டார்கள். சர்க்கரை நோய்க்கு இன்னும் நெருக்கமான ஒன்று: முதல் வகைச் சர்க்கரை வரவைத்த எலிகளுக்கு லாக்டோபேசிலஸ் ரியூட்டரி கொடுத்தபோது எலும்புத் தேய்வும், மஜ்ஜையில் கொழுப்பு சேர்வதும் தடுக்கப்பட்டன. 2015-இல் வந்தது. பியோகிளிட்டசோனின் கோளாறும் மஜ்ஜையில் கொழுப்பு சேர்வதுதான் என்பதால், இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றுவது இயல்பே. மருந்தோடு புரோபயாடிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி நியாயமான கேள்வி.

எலியில் நடந்தது மனிதரில் நடந்ததா? இங்கேதான் நிதானம் வேண்டும். 2018-இல் ஸ்வீடனில் 75 முதல் 80 வயதுப் பெண்கள் 90 பேருக்கு, எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, அதே லாக்டோபேசிலஸ் ரியூட்டரி 6475 என்ற வகையை ஓராண்டு கொடுத்தார்கள். கீழ்க்கால் எலும்பில் அடர்த்திக் குறைவு வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், பாக்டீரியா இல்லாத போலி மருந்து) எடுத்தவர்களில் 1.85 சதவீதம், புரோபயாடிக் எடுத்தவர்களில் 0.83 சதவீதம். தேய்வு பாதியாகக் குறைந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு, வேறு மூன்று வகை லாக்டோபேசிலஸ் கலவையை 249 பெண்களுக்குக் கொடுத்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வில் முதுகெலும்பில் தேய்வு 0.72 சதவீதத்துக்குப் பதில் கிட்டத்தட்ட நின்றேபோனது, ஆனால் இடுப்பில் வித்தியாசம் இல்லை. பிறகு அந்த ரியூட்டரி வகையையே இன்னும் பெரிதாக, இன்னும் நீண்ட காலம் சோதித்தார்கள். மாதவிடாய் நின்று சில வருடமே ஆன 239 பெண்கள், இரண்டு வருடம், இரண்டு வெவ்வேறு அளவு. 2024-இல் முடிவு வந்தது: எலும்பு அடர்த்தியில் எந்தப் பலனும் இல்லை. அம்மாவின் வயதுக்கு நெருக்கமானவர்கள் இந்த ஆய்வில் இருந்தவர்கள்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவை அளந்தது அடர்த்தியை. எலும்பு முறிவு குறைந்ததா என்று காட்டியவை அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடர்த்தி எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கேயும் பொருந்தும். தவிர இவை பியோகிளிட்டசோன் எடுப்பவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வுகளும் அல்ல. அந்த மருந்து மஜ்ஜையின் மூலச் செல்லுக்குள்ளேயே நேராகப் போய் வேலை செய்கிறது. குடலிலிருந்து வரும் ஒரு மெல்லிய உதவி அதை ஈடுகட்டுமா என்பது பெரிய சந்தேகம். எனக்குக் கேட்டால், எலும்பைத் தேய்க்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே அதன் மேல் ஒரு கேப்ஸ்யூல் வைப்பதைவிட, மாற்ற முடிகிற மருந்தை மாற்றுவதே நேர்வழி.

கடையில் கிடைக்கும் கேப்ஸ்யூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோபயாடிக் என்பது ஒரே பொருள் அல்ல. ஒரு வகை பாக்டீரியாவில் கண்ட பலனை இன்னொரு வகைக்கு எழுத முடியாது. நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்பது பேசிலஸ் கிளாசி, சாக்கரோமைசஸ் பவுலார்டி, லாக்டோபேசிலஸ் கலவைகள். இவை வயிற்றுப்போக்குக்கும், ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வரும் வயிற்றுக் கோளாறுக்கும் எழுதப்படுபவை. 2018 ஸ்வீடன் ஆய்வில் ஒரு நாளைக்குக் கொடுத்தது ஆயிரம் கோடி உயிர்கள். அட்டையின் பின்னால் எந்த வகை, எத்தனை கோடி என்று பாருங்கள். வகையின் எண்ணே இல்லாவிட்டால் எந்த ஆய்வையும் அதற்குப் பொருத்திப் பேச முடியாது. அப்புறம் நம் வெயில். லாக்டோபேசிலஸ் வகைகள் சூட்டில் சாகும். அக்னி நட்சத்திர மதியத்தில் குளிர்சாதனம் இல்லாத கடை அலமாரியில் இருந்த கேப்ஸ்யூலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது கேள்விதான். பேசிலஸ் வகைகள் விதை போன்ற உறையோடு இருப்பதால் சூட்டைத் தாங்கும்.

ஆபத்து உண்டா என்றால், சாதாரணமாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை, வாயுத் தொல்லை கொஞ்சம் வரலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்பவர்கள், கடும் கணைய அழற்சியில் இருப்பவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது. கணைய அழற்சி நோயாளிகளுக்கு புரோபயாடிக் கொடுத்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 2008-இல், இறப்பு 6 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் கூடியது. உயிருள்ள பொருள் எல்லோருக்கும் எப்போதும் நல்லதே செய்யும் என்று இருந்துவிடக் கூடாது.

அப்படியானால் வீட்டுத் தயிர்? தாராளமாகச் சாப்பிடட்டும். புரோபயாடிக் என்ற பெயரில் அல்ல, சாப்பாடு என்ற முறையில். உறைமோர் ஊற்றித் தோய்க்கும் தயிரில் பால் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன, ஆனால் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். தயிரின் நிச்சயமான மதிப்பு அதன் கால்சியமும் புரதமும். ஒரு கிண்ணம், இருநூறு கிராம் தயிரில் இருநூற்றைம்பது மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் பாக்டீரியா போகும், கால்சியம் போகாது. சித்திரைத் திருவிழாப் பந்தலில் கொடுக்கும் நீர்மோர் தாகத்துக்கு அருமை, ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம், கால்சியக் கணக்கில் சேர்க்க முடியாது. சின்ன பாட்டிலில் வரும் புளித்த பால் பானங்களை வாங்கும் முன் லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று கட்டாயம் பாருங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் என்றால் ஐந்நூறு சொச்சம் வந்துவிடும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, ஆனால் அதில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாவை ராத்திரி புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் நம் பழைய முறையில் பைட்டேட் நன்றாகக் குறைகிறது. நுண்ணுயிர்கள் எலும்புக்குச் செய்யும் உறுதியான உதவி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கூழும் மாவுச்சத்துதான் என்பதால் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்தி, சாதத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய சோற்றுக்கும் அதே கணக்கு. கொல்லையில் முருங்கை இருந்தால் கீரை வாரத்தில் மூன்று நாள் ஆகட்டும். எள்ளுத் துவையல் நல்லது. அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. கருவாடாக வேண்டாம், உப்பு. புளித்த உணவைவிடக் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது முக்கியம்: அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, முளைகட்டிய பயறு. பியூட்டிரேட் வருவது இந்த நாரிலிருந்துதான்.

வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் ஏறாது. மதுரை வெயிலில் இருந்துகொண்டு டி குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைகிறது, நிறையப் பேருக்கு. வீட்டுக்குள்ளேயே இருப்பது, உடல் முழுக்க மூடிய உடை, நம் தோல் நிறம் எல்லாம் சேர்ந்துதான். ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் டாக்டர் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என்று சில வாரங்களுக்கு எழுதுவார். வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று புரிந்துகொண்டு விழுங்கி, கால்சியம் தாறுமாறாக ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேஸ் மாத்திரை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், என் கண் அங்கேயே நின்றது. பான்டாபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றை வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு முறிவு வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இலேயே எச்சரித்தது. அமிலம் குறைந்தால் சாதாரணக் கால்சியம் கார்பனேட் மாத்திரையும் சரியாகக் கரையாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் நல்லது. வைட்டமின் பி12 சேர்வதையும் இது குறைக்கும். மெட்பார்மினும் நீண்ட காலத்தில் பி12-ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் கால் மரத்துப்போவது கூடும், கால் மரத்தால் தரை தெரியாது, தரை தெரியாவிட்டால் விழுவார்கள். பி12 பரிசோதனை ஒருமுறை எடுத்துவிடுங்கள். கேஸ் மாத்திரை உண்மையிலேயே இன்னும் தேவையா என்று கேளுங்கள். பலருக்கு எப்போதோ ஒரு வாரத்துக்கு எழுதியது அப்படியே தொடர்கிறது. மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத பொடியோ மாத்திரையோ யாரிடமாவது வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டைப்போல எலும்பைத் தேய்க்கும் மருந்து வேறொன்று இல்லை, சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

கிளிமிபிரைடு எலும்பைத் தொடாது, ஆனால் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தும். சாப்பாடு தாமதமானால் வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி விழுவார்கள். கொல்லையில் விழுந்த அன்று அம்மா சாப்பிட்டிருந்தாரா, வேர்த்ததா என்று கேட்டுப்பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். வழுக்கியது தரையாலா தாழ்ந்த சர்க்கரையாலா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். தரைக்கும் ஏதாவது செய்யுங்கள்: பாசி தேய்த்து, சொரசொரப்பான ஓடு அல்லது ரப்பர் விரிப்பு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் கழிப்பறை போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. எந்தக் கேப்ஸ்யூலையும்விட இவை இடுப்பெலும்பை நிச்சயமாகக் காப்பாற்றும். கட்டு அவிழ்த்த பிறகு தினமும் நடை, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. தொடைத் தசைக்கு வலு வந்தால் விழுவது குறையும்.

டாக்டரிடம் இந்த நான்கையும் நேராகக் கேளுங்கள்: பியோகிளிட்டசோனுக்குப் பதில் வேறு கொடுக்கலாமா, டெக்ஸா எடுக்கலாமா, வைட்டமின் டி, கால்சியம், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பி12 பார்க்கலாமா, எலும்புக்கென்றே மருந்து தேவையா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். விழுந்து முறிந்தவர்களுக்கு முறிவைக் குறைத்துக் காட்டிய மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன: வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை, அல்லது வருடம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசி. மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில், முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபி கூடாது, தண்ணீர் மட்டும். ஊசிக்கு முன் கிட்னியும் வைட்டமின் டியும் சரியாக இருக்க வேண்டும், பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

அப்பாவைப் பற்றி. டபாகிளிப்ளோசின் இருக்கும் குடும்பத்தில் கானாகிளிப்ளோசின் என்ற மருந்துதான் எலும்புச் சந்தேகத்தைக் கிளப்பியது. 2017-இல் வந்த 'கான்வாஸ்' ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.9 முறிவு என்று இருந்தது 15.4 ஆகக் கூடியது. ஆனால் அதே மருந்தை வைத்து 2019-இல் நடந்த கிட்னி நோயாளிகள் ஆய்வில் அப்படிக் கூடவில்லை. டபாகிளிப்ளோசினின் பெரிய ஆய்வுகளில் முறிவு கூடியதாகத் தெரியவில்லை. இதயத்துக்கும் கிட்னிக்கும் அது செய்யும் நன்மை பெரியது, நிறுத்த வேண்டாம். அது சிறுநீரை அதிகமாக்கும், ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்து எடுக்கிறார் என்றால், படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் குறையக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சாப்பிட முடியாத நாட்களில் அதை எடுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளட்டும். அவருக்கும் புரோபயாடிக் வாங்கத் தேவையில்லை.